பழைய லோடு வண்டி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

வணிகர்களாகிய நாம் கொள்முதலில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஒரு மூட்டைத் துவரம் பருப்பு வாங்குவதானாலும் குத்தூசி போட்டுப் பார்த்து, கையில் அள்ளி முகர்ந்து, ஈரம் பார்த்து, கழிவு எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை காசு நிற்கும் என்று மனக்கணக்குப் போட்ட பிறகே தலையை அசைக்கிறோம். ஆனால் கடைக்குப் பழைய லோடு வண்டி ஒன்று வாங்கும்போது மட்டும் இந்தச் சாமர்த்தியம் நம்மில் பலருக்கு எங்கோ போய்விடுகிறது. புதிதாக அடித்த பெயிண்ட்டையும் பளபளக்கும் சீட் உறையையும் பார்த்துவிட்டு, தரகர் சொன்ன விலையில் பத்தாயிரம் குறைத்ததோடு திருப்திப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

வண்டி வீடு வந்து சேர்ந்த பிறகுதான் செலவு தொடங்குகிறது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம் ஊர்களில் சின்ன லோடு வண்டிக்கு ‘குட்டி யானை’ என்றே பெயர் நிலைத்துவிட்டதால், இந்தப் பழமொழி இன்னும் பொருத்தமாகிறது. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், தீனிக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறோம்.

வண்டிக்கு இரண்டு விலை

2005-ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் ஏஸ் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் அளவுக்குச் சரக்கு, குறுகிய தெருவிலும் திரும்பும் உடல் என்று அது வந்ததும் சில்லறை வணிகத்தின் போக்கே மாறியது. பின்னர் 2010-இல் மஹிந்திரா மேக்சிமோவும், 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்தும், 2016-இல் மாருதியின் சூப்பர் கேரியும் வந்தன. இந்த வண்டிகள் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, நம்மைப் போன்ற சிறு வணிகர்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன.

இங்கே ஓர் உண்மையை நாம் மறக்கக் கூடாது. வண்டி பழசாக ஆக அதன் விலை குறைகிறது. ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை குறைவதில்லை. ஐந்து லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கும், ஒன்றரை லட்சத்துக்குக் கைமாறிய வண்டிக்கும் கிளட்ச் பிளேட் ஒரே விலைதான். டயர் ஒரே விலைதான். மெக்கானிக்கின் கூலியும் ஒன்றுதான். அதிலும் பழைய வண்டிக்குப் பட்டறைக்குப் போகும் நாட்கள் அதிகம். ஆகவே பழைய வண்டிக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று விற்பவருக்குக் கொடுப்பது. மற்றொன்று முதல் ஆண்டில் பட்டறைக்கும் அலுவலகங்களுக்கும் கொடுப்பது. இரண்டையும் கூட்டினால் வருவதே உண்மையான கொள்முதல் விலை.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன மாடல்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சிறு பாகத்துக்காக வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றால் அந்த மலிவு பறந்துவிடும். நம் ஊர் உதிரி பாகக் கடைக்காரரும் நம்மைப் போன்ற வணிகரே. வண்டியைப் பார்க்கப் போகும் முன் அவரிடம் போய், ‘இந்த மாடலுக்கு எந்தச் சாமான் கையிருப்பில் வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், தரகர் சொல்லாத செய்தி பல கிடைக்கும். எந்தச் சாமான் அதிகம் விற்கிறதோ, அந்த வண்டியில் அதுவே அடிக்கடி போகிறது என்று பொருள்.

வண்டி எதைச் சுமந்தது?

கிலோமீட்டர் முள்ளைப் பார்த்து வண்டியின் வயதைக் கணிப்பது முழுமையான வழி அல்ல. முள்ளைத் திருப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, முள் மட்டும் முப்பதாயிரம் காட்டினால் சந்தேகப்பட வேண்டும். பழைய சர்வீஸ் பில்கள் இருந்தால் அவற்றில் எழுதியுள்ள கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியமான கேள்வி, இந்த வண்டி இதுவரை எதைச் சுமந்தது என்பதுதான். சரக்கைத் தெரிந்த நமக்கு இது சுலபமாக விளங்கும்.

உப்பு, மீன், ஐஸ், உரம் ஏற்றிய வண்டியில் உப்புநீர் கசிந்து பாடியின் அடித்தகடும், சேஸிஸும், பிரேக் குழாய்களும் உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அரிப்பு நிற்பதில்லை. கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால் இன்னும் கவனம் தேவை. வண்டியை மேட்டில் ஏற்றி, அடியில் படுத்து, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டி இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு பொத்தென்று ஒலித்து, செதில் செதிலாக உதிரும்.

மணல், செங்கல், கம்பி ஏற்றிய வண்டிகள் பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சுமந்தவை. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் அன்றைக்கு வாடகை இரட்டிப்பாகும். ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து நேராகிவிடும். பின் ஆக்சில், வீல் பேரிங், கிளட்ச் எல்லாம் முன்கூட்டியே தேயும். சேஸிஸில் விரிசலும் வெல்டிங் வைத்த தழும்பும் தென்படும். வெறும் வண்டி சமதரையில் நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தோ, பின்புறம் தாழ்ந்தோ இருந்தால் அது பாரம் பார்த்த வண்டி.

ரொட்டி, பிஸ்கட், சிப்ஸ், துணி போன்ற எடை குறைந்த சரக்கு ஏற்றிய வண்டி கிடைத்தால், சில ஆண்டுகள் கூடுதலாக ஓடியிருந்தாலும் அதையே விரும்பி வாங்கலாம்.

பட்டறைச் செலவுகள்

எஞ்சின்: வண்டியைப் பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போவது நல்லது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எப்படி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் குறைகள் மறைந்துவிடும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். கறுப்புப் புகை நாசில், பம்பு அல்லது ஏர் ஃபில்டர் கோளாறைக் காட்டும். சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று காற்று அடிக்குமானால் ரிங்கும் பிஸ்டனும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் வேலை வரும் என்று தெரிந்தால், பட்டறையில் முழு எஸ்டிமேட் வாங்கி அதை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். அல்லது வண்டியை விட்டுவிட வேண்டும்.

கிளட்ச்: கை பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு கிளட்ச்சை மெல்ல விட்டால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பாரத்தோடு மேடு ஏறும்போது நடுவழியில் கைவிடும் பாகம் இதுவே.

பிரேக்கும் முன் ஆக்சிலும்: பிரேக் ஷூவும் லைனிங்கும் தேய்வது இயல்பு, செலவும் தாங்கக்கூடியதே. ஆனால் வீல் சிலிண்டர் கசிவு, தேய்ந்த டிரம் என்று சேர்ந்து வந்தால் செலவு பெருகும். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வீல் பேரிங், கிங் பின் ஆட்டம் தெரியும். இந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் சில மாதங்களில் டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும்.

டயர்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் வருடம் போன டயர் வெடித்துப்போயிருக்கும், பாரம் தாங்காது. பள்ளங்களுக்கு இடையே உள்ள சிறு மேடு வரை தேய்ந்திருந்தால் அதற்கு ஆயுள் இல்லை. ஸ்டெப்னியைச் சேர்த்து ஐந்து டயர்களையும் பார்த்து, எத்தனை மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

மின்சாரம்: பேட்டரி, செல்ஃப் மோட்டார், டைனமோ, வயரிங். இவை ஒவ்வொன்றும் சிறு செலவுதான். ஆனால் விளக்குகள் எரியாவிட்டால் எஃப்.சி.யில் நிற்கும். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் புறப்படும் நேரத்தில் செல்ஃப் எடுக்காவிட்டால் அன்றைய வியாபாரமே நிற்கும்.

பி.எஸ்.6 வண்டியா?

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கப்படும் புது வண்டிகள் பி.எஸ்.6 தரத்தைச் சேர்ந்தவை. இவற்றில் மாசு குறைவு. ஆனால் சென்சார்களும் கருவிகளும் அதிகம். டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி சிறிது நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓடினால் அந்தக் கரி தானே எரிந்து சுத்தமாகும். நம் மளிகைக் கடை வண்டியோ மார்க்கெட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து தெருத் தெருவாகவும் நின்று நின்று ஓடுவது. இப்படிப்பட்ட ஓட்டத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைக் கவனியாமல் ஓட்டினால் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும். ஆகையால் ஊருக்குள் மட்டுமே குறுகிய தூரம் ஓட்டுபவர்கள் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டியையும் பார்ப்பது நல்லது. எந்த வண்டியானாலும், சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் எடுத்த பிறகு அணைகின்றனவா என்று பார்க்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் பல்பைக் கழற்றி வைத்திருக்கவும் கூடும்.

காகிதச் செலவு

பட்டறைச் செலவு கண்ணுக்குத் தெரியும். காகிதச் செலவு பின்னால் வந்து தாக்கும்.

எஃப்.சி.: சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று இல்லையென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி அது முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் டிங்கரிங், பெயிண்டிங், விளக்கு, பிரேக், ஒளிரும் பட்டை என்று செலவு உண்டு. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வெளி வண்டி வாடகையும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணமே பன்மடங்கு உயர்த்தப்பட்டது. ஆகவே 7 வயது வண்டியும் 9 வயது வண்டியும் விலையில் சிறிதளவே வேறுபட்டாலும், செலவில் வேறுபாடு பெரிது. எஃப்.சி. முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பதையும் விலையில் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்சூரன்ஸ்: 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அறிவிப்பில், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் ரூ.16,049 என்று நிர்ணயிக்கப்பட்டது. வரியும், நம் வண்டிக்கான சொந்தச் சேத இன்சூரன்ஸும் தனி. சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றும் வகைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அந்த வகையில் போட்டுவிட்டு அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால், விபத்து நேரும்போது வில்லங்கம் வரும்.

பெயர் மாற்றம்: வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். 29, 30-ஆம் எண் படிவங்கள் இதற்கு உரியவை. பைனான்ஸ் பாக்கி இருந்த வண்டியானால் கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் படிவமும், வேறு மாநில வண்டியானால் 28-ஆம் படிவத்தின்படி என்.ஓ.சி.யும் வேண்டும். வேறு மாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். இங்கே கட்ட வேண்டிய வரியைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் குறைவு காணாமல் போவது உண்டு.

‘பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு இரு தரப்பும் இடம் கொடுக்கக் கூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆதலால் நம் பழைய வண்டியை விற்கும்போது, பெயர் மாறும்வரை நம் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது. வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. இன்சூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு சட்டப்படி வண்டியோடு தொடரும். ஆனால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு, கம்பெனி ஒப்புக்கொண்டு மாற்றித் தராமல் தொடராது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சரிபார்க்க இப்போது அலைய வேண்டியதில்லை. மத்திய அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளும், பைனான்ஸ் விவரமும் தெரியும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதங்கள் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது.

ஓர் உதாரணக் கணக்கு

இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பட்டறை விலையையும் கடை விலையையும் கேட்டு அந்த இடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வண்டியின் விலை ரூ.1,80,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுச் செலவு:

இன்சூரன்ஸ் – ரூ.20,000
எஃப்.சி. டிங்கரிங், பெயிண்டிங் – ரூ.18,000
டயர் நான்கு – ரூ.14,000
கிளட்ச் செட், கூலியுடன் – ரூ.8,000
பேட்டரி – ரூ.5,000
பிரேக் வேலை – ரூ.4,000
ஆயில், ஃபில்டர்கள் – ரூ.3,000
பெயர் மாற்றம், இதர காகிதங்கள் – ரூ.3,000
ஆக மொத்தம் – ரூ.75,000

அதாவது ரூ.1,80,000 என்று நாம் நினைத்த வண்டியின் உண்மையான கொள்முதல் ரூ.2,55,000. இதில் எஞ்சின் வேலை எதுவும் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையில் இரண்டு லட்சம் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வண்டியை வாங்கினால், மீதி ஐம்பத்தைந்தாயிரம் சரக்கு வாங்கும் பணத்திலிருந்துதான் போகும். சரக்குக்கான முதல் பட்டறையில் முடங்கினால், அலமாரி காலியாகும். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். வண்டி வாங்கியதால் வரும் பெரிய நஷ்டம் இதுவே. இது எந்தப் பில்லிலும் தெரியாது.

எத்தனை நடை இருந்தால் கட்டும்?

இரண்டாம் ஆண்டு முதல் ஆகும் நிலையான செலவையும் பார்ப்போம். இன்சூரன்ஸ் ரூ.20,000, எஃப்.சி. வேலை ரூ.10,000, சர்வீஸும் சில்லறை ரிப்பேரும் ரூ.12,000, டயர் பேட்டரிக்காக ஒதுக்கி வைப்பது ரூ.8,000. இவை சேர்ந்து ரூ.50,000. போட்ட முதல் ரூ.2,55,000-க்கு 12 சதவீத வட்டி ரூ.30,600. ஆண்டுக்கு வண்டி மதிப்பில் குறைவது ரூ.30,000. மொத்தம் ரூ.1,10,600. வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு உண்டு.

இனி ஓட்டச் செலவு. மார்க்கெட்டுக்குப் போய்வர 24 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் ஒரு நடைக்கு ஒன்றரை லிட்டர். டீசல் லிட்டர் ரூ.92 என்று வைத்தால் ரூ.138.

இதே நடைக்கு வெளி வண்டிக்காரர் ரூ.600 கேட்கிறார் என்று கொள்வோம். சொந்த வண்டியில் போனால் நடைக்கு ரூ.462 மிச்சம். ரூ.1,10,600-ஐ 462-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 240 வருகிறது. ஆண்டுக்கு 240 நடைக்கு மேல் இருந்தால்தான் சொந்த வண்டி கட்டும்.

தினமும் மார்க்கெட் போகும் காய்கறி வியாபாரிக்கு ஆண்டுக்கு 300 நடை வரும். அவருக்கு மொத்தச் செலவு ரூ.1,52,000, வாடகையானால் ரூ.1,80,000. ஆண்டுக்கு ரூ.28,000 மிச்சம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும் மளிகைக்காரருக்கு 150 நடை. அவருக்குச் சொந்த வண்டிச் செலவு ரூ.1,31,300, வாடகையானால் ரூ.90,000 மட்டுமே. ஆண்டுக்கு ரூ.41,300 கையைக் கடிக்கும். அதே வண்டி, அதே விலை. ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நஷ்டம்.

இந்தக் கணக்கில் ஓட்டுநர் சம்பளம் சேரவில்லை. முதலாளியோ, கடைப் பையனோ ஓட்டுவதாக வைத்துக்கொண்டோம். தனி ஓட்டுநர் வைத்தால் நடைகளின் எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும். மறுபுறம், வீட்டு டெலிவரி, மொத்த வாடிக்கையாளருக்குச் சரக்கு இறக்குவது என்று வேறு வேலைகளும் இருந்தால் அவற்றையும் நடையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நடை போதாதவர்கள் வண்டி வாங்கவே கூடாது என்பதல்ல. ஒரே தெருவில் உள்ள இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து, நம்பிக்கையான ஒரு வாடகை வண்டிக்காரரிடம் மாத ஒப்பந்தம் பேசிக்கொள்ளலாம். அவருக்கும் நிலையான வருமானம். நமக்கும் நடைக்கூலி குறையும். தீபாவளி, பொங்கல் நெருக்கடியில் வண்டி கிடைக்கவில்லை என்ற தவிப்பும் இராது.

பேரமும் பேரேடும்

பேரம் பேசும்போது ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், மேலே சொன்ன பட்டியலை எழுதி, டயருக்கு இவ்வளவு, கிளட்ச்சுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டால் விற்பவராலும் மறுக்க முடியாது. தரகர் அழைத்துவரும் மெக்கானிக் நமக்கு மெக்கானிக் அல்ல. மெக்கானிக்குக் கூலியாகக் கொடுக்கும் சில நூறு ரூபாயை யாரும் தண்டச் செலவாக நினைக்க வேண்டாம்.

புது வண்டி விலையையும் அன்றைய தேதியில் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு விலை குறைந்தால் பழசின் விலையும் குறைந்தாக வேண்டும். அதற்கு முந்தைய விலையை மனத்தில் வைத்துப் பேசும் தரகரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

பணத்தை வங்கி மூலம் கொடுப்பதே நல்லது. வணிகத்துக்காக வாங்கும் சொத்துக்கு ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை வருமான வரிக்கான தேய்மானக் கணக்கில் ஏறாது. சொந்தச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு 15 சதவீதம் தேய்மானம் உண்டு. அதை இழப்பானேன்? அதேபோல ஜி.எஸ்.டி.யில் வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள், சரக்கு வண்டியின் உதிரி பாகம், ரிப்பேர் ஆகியவற்றுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நம் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

வண்டி வந்த நாளிலிருந்து அதற்கென்று ஒரு தனி நோட்டு போட வேண்டும். டீசல், ஆயில், பஞ்சர், ரிப்பேர், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் தேதி வாரியாக ஏற வேண்டும். மாதந்தோறும் ரூ.4,000-மோ 5,000-மோ வண்டிக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டால், இன்சூரன்ஸ் தேதியும் எஃப்.சி. தேதியும் வரும்போது கல்லாவில் கை வைக்க வேண்டியிராது. பெரிய வேலைகளை வியாபாரம் மந்தமான ஆடி மாதத்தில் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஓர் ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டை எடுத்து, ரிப்பேர்ச் செலவு முந்தைய ஆண்டைவிட எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், எப்போது வண்டியை விற்க வேண்டும் என்பதை நோட்டே சொல்லிவிடும்.

சரக்கு மூட்டையில் குத்தூசி போடும் கைக்கு, வண்டியின் அடியில் சுத்தியல் தட்டத் தெரியாமல் போகாது. விலையைக் கேட்பதற்கு முன் செலவைக் கேளுங்கள். செலவைக் கேட்பதற்கு முன் நம் கடைக்கு ஆண்டில் எத்தனை நடை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சரியாக வந்தால் தைரியமாக வாங்குங்கள். வராவிட்டால், அந்தப் பணம் சரக்காகவே அலமாரியில் இருக்கட்டும். அங்கே அது ஆண்டில் பல முறை சுழன்று லாபத்தோடு திரும்பி வரும்.